ஸுபைர் (ரலி) விட்டுச் சென்ற கடனும் அதை அடைத்த மகனும்





ஜனாஸா தொழுகைக்கு ஸஃப் கட்டி நிற்கும்போது நீங்கள் ஓர் அறிவிப்பைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். மய்யித்தின் மகனோ தம்பியோ முன்னால் வந்து நிற்பார். மர்ஹூம் யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் எங்களிடம் வந்து கேளுங்கள், அதற்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்வார். அழுத கண்ணோடு சொல்வார். பிறகு தக்பீர் கட்டப்படும். ராஜகிரியானாலும் பண்டாரவாடையானாலும், கூத்தாநல்லூரானாலும் அதிராம்பட்டினமானாலும் நம் டெல்டா ஊர்களில் இது நடக்கிறது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த மகனுக்கு உண்மையில் என்ன தெரியும்? தன் அத்தா யாரிடம் எவ்வளவு வாங்கினார், யாருடைய நகையை வாங்கி அடகு வைத்தார், எந்தக் கடையில் உரத்துக்குப் பாக்கி, சீட்டில் எத்தனை தவணை மிச்சம் என்பது அவருக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. மூன்றாம் நாள் ஒருவர் வருவார். நாற்பதாம் நாள் இன்னொருவர் வருவார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. கொடுத்தால் குடும்பம் தாங்காது, மறுத்தால் அத்தா கப்ரில் மாட்டிக்கொள்வாரோ என்ற பயம்.

கடன் லேசான விஷயமல்ல. மதீனாவின் ஆரம்ப காலத்தில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவர் மீது கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரிப்பார்கள். கடன் இருந்து, அதை அடைக்கச் சொத்தும் இல்லையென்றால், தோழர்களைத் தொழவைக்கச் சொல்லிவிட்டுத் தாங்கள் விலகிக்கொள்வார்கள். ஒருமுறை அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குத் தாம் பொறுப்பு என்று முன்வந்த பிறகுதான் தொழவைத்தார்கள். பிற்காலத்தில் செல்வம் வந்தபோது, வழியில்லாமல் இறந்தவர்களின் கடனை நபியவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

இன்று நாம் பார்க்கப்போவது ஒரு பெரிய கடனாளியின் வரலாறு. அவர் ஏழையல்ல. சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள்.

பேரீச்சங்கொட்டை சுமந்த குடும்பம்

ஸுபைர் (ரலி) அவர்களின் தாயார் ஸஃபிய்யா (ரலி), நபி (ஸல்) அவர்களுக்கு மாமி, அதாவது தந்தையுடன் பிறந்தவர். சிறு வயதிலேயே இஸ்லாத்துக்கு வந்தவர்கள். அபீஸீனியாவுக்கும் பிறகு மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தவர்கள். நபியவர்களின் ஹவாரி, உற்ற உதவியாளர் என்ற பட்டம் அவர்களுக்கு உண்டு.

இவ்வளவு சிறப்புள்ளவர் மதீனாவில் வாழ்க்கையைத் தொடங்கியபோது கையில் என்ன இருந்தது? ஒரு குதிரையும், தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும்தான். மனைவி அஸ்மா (ரலி) அவர்களோ மக்காவின் பெரிய வியாபாரி அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள். அவர்களே குதிரைக்குத் தீனி வைத்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், மாவு பிசைந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸுபைருக்குக் கொடுத்த ஒரு துண்டு நிலம் சுமார் மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அங்கிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். பிறகு அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒரு பணியாளரை அனுப்பித்தான் மகளின் சுமையைக் குறைத்தார்கள்.

கல்யாணமான புதிதில் கடன் வாங்கியாவது ஊருக்குச் சமமாக வாழ வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்களே, இந்த வீட்டைப் பாருங்கள். பெரிய வீட்டுப் பெண் கொட்டை சுமந்தார்கள். அந்தக் குடும்பம் வருமானத்துக்குள் வாழ்ந்தது. இருந்த ஒரு துண்டு நிலத்தை உழைத்துக் காத்தது.

மடையில் வந்த வழக்கு

அல்லாஹ் பிறகு அவர்களுக்கு நிலபுலன்களில் பரக்கத் செய்தான். நிலம் வந்தால் கூடவே என்ன வரும்? தண்ணீர்ச் சண்டை வரும். இதைக் காவிரிக் கரையில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மதீனாவின் ஹர்ரா பகுதியில் ஒரு வாய்க்கால். மேல்மடை ஸுபைருடையது, கீழ்மடை ஓர் அன்ஸாரித் தோழருடையது. தண்ணீரை உடனே திறந்துவிடும்படி அவர் கேட்க, வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் போனது. ஸுபைர் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டை வயலுக்கு விட்டுவிட வேண்டும் என்று முதலில் இருவருக்கும் இணக்கமாகத் தீர்ப்பளித்தார்கள். மாமி மகன் என்பதால் இப்படியா என்ற பொருளில் அந்த மனிதர் பேசிவிட, நபியவர்களின் முகம் மாறியது. அப்போதுதான் ஸுபைரின் முழு உரிமையைக் கொடுத்தார்கள். வரப்பு வரை தண்ணீர் நிற்கும் அளவுக்குத் தேக்கி, பிறகு விடும்படி சொன்னார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 65ஆம் வசனம் இதையொட்டி இறங்கியது என்றே தாம் கருதுவதாக ஸுபைர் (ரலி) அவர்கள் சொல்வார்கள்.

முதல் தீர்ப்பு விட்டுக்கொடுத்தல், இரண்டாவது உரிமை என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். கவனியுங்கள், முழு உரிமை கொடுக்கப்பட்டபோதும் வரப்பு அளவுக்கு மேல் தேக்க அனுமதியில்லை. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தாலும், கல்லணையைத் தாண்டிக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் வரை அங்குள்ள விவசாயிக்குத் தூக்கம் வராது. தன் சொத்துக்குள் மற்றவரின் ஹக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பாடத்தை ஸுபைர் (ரலி) அவர்கள் வாய்க்கால் கரையில் கற்றார்கள். பணத்திலும் அதே பாடத்தோடு நடந்தார்கள்.

அமானிதமா, கடனா?

ஸுபைர் (ரலி) அவர்கள் எந்த ஊருக்கும் கவர்னராக இருந்ததில்லை. வரி வசூலிக்கும் பொறுப்பு எதையும் ஏற்றதில்லை. நபி (ஸல்) அவர்களுடனும், அபூபக்ர், உமர், உஸ்மான் (ரலி) ஆகியோருடனும் போர்களில் கலந்துகொண்டார்கள். அவ்வளவுதான். பிறகு 22 லட்சம் கடன் எப்படி வந்தது? வீண் செலவாலா? ஆடம்பரத்தாலா?

இல்லை. மக்கள் நம்பியதால் வந்தது. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று மக்கள் அவர்களிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்களோ அதை அமானிதமாக வாங்க மாட்டார்கள். அது தொலைந்துவிடுமோ என்று அஞ்சுவதால், கடனாகவே வாங்கிக்கொள்வதாகச் சொல்வார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அமானிதமாக வாங்கிய பொருள், வைத்திருப்பவரின் கவனக்குறைவு இல்லாமல் தொலைந்தாலோ திருடுபோனாலோ அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. நஷ்டம் கொடுத்தவருக்கு. கடனாக வாங்கினால் என்ன நடந்தாலும் வாங்கியவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும். அதேசமயம் அமானிதப் பணத்தைத் தொட்டுப் புழங்க முடியாது, கடன் பணத்தைப் புழங்கலாம். ஆகவே ஸுபைர் (ரலி) அவர்கள் செய்தது இதுதான்: கொடுத்தவரின் பணத்துக்குப் பாதுகாப்பு, புழங்குவது ஹலால், நஷ்டம் வந்தால் அது தம் தலையில்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் நம் மாகாணத்திலேயே நடந்தது. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெரிய வங்கி நிறுவனம் இருந்தது. வெள்ளைக்காரர் கம்பெனி, பழைய பெயர், அதனால் பத்திரம் என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தார்கள். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று அது பணம் கொடுப்பதை நிறுத்திக் கதவை மூடியது. அடுத்தவர் பணம் ஊக வணிகத்தில் கரைந்திருந்தது. பலரின் வாழ்நாள் சேமிப்பு போனது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. பணத்தை இழந்தவர்கள் பக்கம் நின்று வாதாடிய வக்கீல் நம் தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரில் பிறந்த வி. கிருஷ்ணசாமி அய்யர்.

நூறு ஆண்டு கடந்தும் நாம் திருந்தினோமா? ஹலால் முதலீடு, மாதம் இவ்வளவு நிச்சயம் என்று யாராவது வந்து சொன்னால், வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தை அப்படியே தூக்கிக் கொடுக்கிறோம். தாடியைப் பார்த்துக் கொடுக்கிறோம், சொந்தக்காரர் என்று கொடுக்கிறோம். நஷ்டம் வந்தால் யார் தலையில் என்று கேட்பதில்லை. வியாபாரக் கூட்டு என்றால் லாபத்தில் பங்கு பேசலாம், ஆனால் போட்ட முதலுக்கு இத்தனை சதவீதம் நிச்சயம் என்று பேசினால் அது கூட்டு அல்ல, பெயர் மாற்றிய வட்டி. கடன் என்றால் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு பைசா நிபந்தனை போடக்கூடாது. இந்த இரண்டில் எது என்று பணம் கைமாறும் முன்னால் தெளிவாகப் பேசுங்கள். முதலீட்டாளர் பணத்தை ஏமாற்றுவோர் மீது நடவடிக்கை எடுக்க 1997ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் காகிதமே இல்லாமல் கொடுத்தவர் எதைக் காட்டி நிற்பார்?

ஜமல் நாளின் கவலை

ஹிஜ்ரி 36, அதாவது கி.பி. 656. பஸராவுக்கு அருகே ஜமல் போர். ஸஹாபாக்களுக்கிடையே நடந்த கருத்து வேறுபாட்டில் நாம் நாவைக் காத்துக்கொள்வோம். இன்று நமக்கு வேண்டியது, அந்தக் காலைப்பொழுதில் ஒரு தந்தை மகனை அழைத்துப் பேசிய பேச்சு.

ஸுபைர் (ரலி) அவர்கள் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இன்று தாம் அநியாயமாகக் கொல்லப்படுவோம் என்றே தோன்றுகிறது, ஆனால் தமக்கு மிகப் பெரிய கவலை தம் கடன்தான் என்றார்கள். கடனை அடைத்தால் சொத்தில் ஏதாவது மிஞ்சுமா என்றுகூட மகனிடம் கேட்டார்கள். சொத்தை விற்றுக் கடனை அடைக்கச் சொன்னார்கள். மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத் செய்து, அந்தப் பங்கில் மூன்றில் ஒன்றை அப்துல்லாஹ்வின் பிள்ளைகளுக்கு என்று பிரித்துச் சொன்னார்கள். அப்போது அவர்களுக்கு 9 ஆண் மக்களும் 9 பெண் மக்களும் இருந்தார்கள்.

கடனில் எதையாவது அடைக்க முடியாமல் திணறினால் தம் எஜமானிடம் உதவி கேட்கும்படியும் சொன்னார்கள். மகனுக்குப் புரியவில்லை. எஜமான் யார் என்று கேட்டார். அல்லாஹ் என்று பதில் வந்தது. பின்னாளில் கடன் விஷயத்தில் நெருக்கடி வரும்போதெல்லாம், ஸுபைரின் எஜமானே இந்தக் கடனை அடைத்துவிடு என்று துஆ செய்ததாகவும், வழி பிறந்ததாகவும் அப்துல்லாஹ் (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அன்று ஸுபைர் (ரலி) அவர்கள் போரை விட்டு விலகிப் போனார்கள். போகும் வழியில் ஸிபாஃ என்ற பள்ளத்தாக்கில் அநியாயமாகக் கொல்லப்பட்டார்கள்.

சகோதரர்களே, சாவை எதிர்பார்த்து நிற்கும் மனிதர் எதைப் பேசுவார்? தம் வீரத்தைப் பேசவில்லை. பத்ரையும் உஹதையும் பேசவில்லை. கடன் எவ்வளவு, எதை விற்பது, யாருக்கு எவ்வளவு என்று பேசினார்கள். அது உலக ஆசை அல்ல, மறுமையின் பயம்.

அல்காபா விற்கப்பட்டது

அப்துல்லாஹ் கணக்குப் பார்த்தார். கடன் 22 லட்சம். கையிருப்பாகத் தீனாரோ திர்ஹமோ இல்லை. நிலமும் வீடுகளும்தான். மதீனாவில் 11 வீடுகள், பஸராவில் 2, கூஃபாவில் 1, மிஸ்ரில் 1. அத்துடன் மதீனாவுக்கு வடக்கே அல்காபா என்ற பெரிய நிலம். நபி (ஸல்) அவர்களின் மிம்பருக்கு மரம் வந்ததும் அந்தப் பகுதியிலிருந்துதான்.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வந்து கடன் எவ்வளவு என்று விசாரித்தபோது, அப்துல்லாஹ் முழுத் தொகையைச் சொல்லத் தயங்கி 1 லட்சம் என்றார். அதற்கே உங்கள் சொத்து போதாதே என்று ஹகீம் கவலைப்பட்டார்கள். 22 லட்சம் என்றால் என்ன நினைப்பீர்கள் என்று இவர் கேட்க, உங்களால் முடியாது, முடியாமல் போனால் என்னிடம் உதவி கேளுங்கள் என்றார்கள் ஹகீம்.

ஸுபைர் (ரலி) அவர்கள் அல்காபாவை வாங்கியது 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு. அப்துல்லாஹ் அதை 16 லட்சத்துக்கு விற்றார். ஒரே ஆளிடம் அவசரப்பட்டுத் தள்ளிவிடவில்லை. பங்குகளாகப் பிரித்து, பங்கு 1 லட்சம் என்று மதிப்பிட்டார். கடன் கொடுத்தவர்கள் அல்காபாவுக்கே வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று அறிவித்தார்.

அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களுக்கு 4 லட்சம் வர வேண்டியிருந்தது. விரும்பினால் தள்ளுபடி செய்துவிடுகிறேன் என்றார்கள். மகன் வேண்டாம் என்றார். பிறகு தாருங்கள் என்றார்கள். அதற்கும் வேண்டாம் என்றார். அப்படியானால் நிலமாகக் கொடுங்கள் என்றதும், இங்கிருந்து இதுவரை உங்களுக்கு என்று எல்லை காட்டிக் கொடுத்தார். அந்தப் பங்கை அவர்கள் பின்னர் முஆவியா (ரலி) அவர்களிடம் 6 லட்சத்துக்கு விற்றார்கள். கடனும் வந்தது, 2 லட்சம் லாபமும் வந்தது.

வழியிருக்கும்போது தள்ளுபடியைக்கூட ஏற்காத அந்த மகனைப் பாருங்கள். நாமோ ஐந்து ஆண்டாகப் பாக்கி வைத்துவிட்டு, கடைத்தெருவில் கொடுத்தவரைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறோம்.

நான்கு ஹஜ் காலம்

கடன் அடைந்தது. சகோதரர்கள் பாகப்பிரிவினை கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அப்துல்லாஹ் மறுத்தார். நான்கு ஹஜ் காலங்களில் அறிவிப்புச் செய்வேன், அதற்குப் பிறகுதான் பிரிப்பேன் என்றார். அன்றைய உலகில் எல்லாத் திசையிலிருந்தும் மக்கள் கூடும் இடம் ஹஜ். ஒவ்வோர் ஆண்டும் அங்கே நின்று, ஸுபைர் மீது கடன் உள்ளவர் எங்களிடம் வாருங்கள் என்று கூவினார். நாம் ஜனாஸாவில் செய்யும் அறிவிப்பின் முழு வடிவம் அதுதான்.

நான்காண்டு கழிந்து, வஸிய்யத்தான மூன்றில் ஒரு பங்கை எடுத்துவைத்துப் பிரித்தபோது, நான்கு மனைவியருக்கும் தலைக்கு 12 லட்சம் கிடைத்தது. நான்கு பேரும் சேர்ந்து பெறுவது எட்டில் ஒரு பங்கு. அதுவே 48 லட்சம் என்றால் மொத்தம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடைக்க முடியாது என்று பெரியவர்கள் பயந்த கடன் அது!

நாம் செய்ய வேண்டியது

இதைக் கேட்டுவிட்டு, நிலம் விலை ஏறும், ஆகவே கடன் வாங்கி நிலம் வாங்கலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஸுபைர் (ரலி) அவர்களின் கடனில் வட்டி இல்லை, நம் கடனில் இருக்கிறது. அவர்களின் கடனுக்குப் பின்னால் அதைவிடப் பல மடங்கு சொத்து நின்றது. அப்படியிருந்தும் கையில் ரொக்கம் இல்லாததால் மகன் சிரமப்பட்டார், கடைசி நாளில் அவர்கள் கவலைப்பட்டார்கள். நிலம் நினைத்த அன்று விலை போகாது. ஆகவே குறுவைக்கோ சம்பாவுக்கோ கடன் வாங்கும் முன், போன அறுவடையில் கொஞ்சமாவது ரொக்கமாக ஒதுக்கிவைக்கும் பழக்கம் வேண்டும். கல்யாணத்துக்கும் மாடி வீட்டுக்கும் நகையை அடகு வைத்து வட்டி கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பைத்துல்மால் இருக்கும் ஊர்க்காரர்கள் வட்டியில்லாக் கடனுக்கு அங்கே போங்கள், வாங்கியதைத் தவணை தவறாமல் கட்டுங்கள். நீங்கள் கட்டினால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். நிலத்தை ஒத்திக்குக் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் அதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். அது கடனை எழுதிவைப்பது பற்றியது. இன்று அஸருக்குப் பிறகு ஒரு நோட்டை எடுங்கள். தர வேண்டியது ஒரு பக்கம், வர வேண்டியது ஒரு பக்கம். பெயர், தொகை, தேதி, தவணை. மனைவிக்குத் தராமல் வைத்திருக்கும் மஹரும் கடன்தான், அதையும் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு, மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கும். ஸுபைர் (ரலி) அவர்கள் போர்க்களத்தில் நின்று மகனிடம் சொன்னார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அத்தாவோ வாப்பாவோ மவ்த்தானால், வீட்டை யார் எடுப்பது, வயலை யார் எடுப்பது என்று பேசும் முன் கடனைப் பேசுங்கள். முதலில் கடன், பிறகு வஸிய்யத், அதன் பிறகுதான் வாரிசுப் பங்கு. இது அல்லாஹ் வைத்த வரிசை. தாயின் பங்கையும் சகோதரிகளின் பங்கையும் அந்த வரிசையில் விழுங்கிவிடாதீர்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் 4 ஆண்டு காத்திருந்தார்கள். நாம் நாற்பது நாளாவது காத்திருக்கக்கூடாதா?

யா அல்லாஹ், பிறர் ஹக்கு எங்கள் கழுத்தில் இருக்கும் நிலையில் எங்களை மவ்த்தாக்கிவிடாதே. கடன்பட்டவர்களின் கடனை அடைத்துவைப்பாயாக. கொடுத்தவர்களுக்குப் பொறுமையையும், வாங்கியவர்களுக்கு வெட்கத்தையும் தருவாயாக. வட்டியிலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாயாக. ஸுபைரின் எஜமானே, எங்களுக்கும் நீயே எஜமான். எங்கள் தேவைகளை ஹலாலான வழியில் நிறைவேற்றுவாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.